வீட்டுப் பொருள்கள் கூறும் வரலாறு

செங்கல்லும் மண்ணும் மரமும் கொண்டு எழுப்பப்படுவது வீடு. அவ்வீட்டில் மக்கள் குடிபுகுந்து, உண்டு, உறங்கி, உழைத்து, இன்பத்திலும் துன்பத்திலும் ஒருவரோடு ஒருவர் கலந்து வாழும்போதுதான் அஃது இல்லம் என்னும் பெயருக்கு உரியதாகிறது. அங்ஙனம் வாழ்ந்த வாழ்வின் சுவடுகள் எங்கே பதிகின்றன? சுவரில் பதிவது சிறிதே. நாள்தோறும் கையாளும் பொருள்களில் பதிவதே மிகுதி.

ஒரு நாட்டின் வரலாற்றை அறியக் கல்வெட்டும் செப்பேடும் நாணயமும் உதவுகின்றன. ஒரு குடும்பத்தின் வரலாற்றை அறிய எவை உதவும்? அரசர்க்குக் கல்வெட்டு உண்டு. உழவர்க்கும் தச்சர்க்கும் நெசவாளர்க்கும் அஃது இல்லை. அவர்கள் விட்டுச் சென்றவை கட்டிலும் பெட்டியும் குதிரும் அம்மியுமே. ஆயினும், கல்வெட்டு தன்னைத் தானே படித்துக் காட்டுவதில்லை. எழுத்தறிந்த ஒருவர் அதனைப் படிக்க வேண்டும். அதுபோலவே வீட்டுப் பொருள்களும் தாமாக வாய் திறப்பதில்லை. அவற்றின் கதையை அறிந்தவர் சொல்லவும், அறியாதவர் கேட்கவும் வேண்டும். சொல்பவரும் கேட்பவரும் இல்லையெனில், நூறாண்டு கண்ட பொருளும் வெறும் விறகே.

இதனை விளக்கக் கொள்ளிடக் கரைக்குச் செல்வோம். அரியலூர் மாவட்டத்தின் தென்பகுதியில், கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில் அமைந்த ஊர் தா.பழூர். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமாக விளங்குவது. ஆற்றுநீர் பாயும் நிலங்களில் நெல்லும், மேட்டு நிலங்களில் முந்திரியும் பிறவும் விளையும் வட்டாரம் அது. ஆற்றுக்கு அக்கரையில் கும்பகோணம் இருக்கிறது. இன்று மதனத்தூருக்கும் நீலத்தநல்லூருக்கும் இடையே பாலம் இருப்பதால், பேருந்தில் ஏறி எளிதில் அக்கரை சேர்கிறோம். பாலம் இல்லாத காலத்திலோ கொள்ளிடம் இரு கரை மக்களையும் பிரித்து நின்றது. திருமணத்துக்கு வாங்கிய குத்துவிளக்காயினும், புது வீட்டுக்கு வாங்கிய கதவாயினும், அக்கரையிலிருந்து வரவேண்டியது ஆற்றைக் கடந்தே வரவேண்டும். ஆகவே, இவ்வட்டாரத்துப் பழைய வீடு ஒன்றில் ஒரு பொருளைக் காணும்போது, ‘இஃது எவ்வழியாக இங்கு வந்தது?’ என்று வினவுதல் பொருந்தும்.

திண்ணையைக் கடந்து இத்தகைய பழைய வீடு ஒன்றினுள் நுழைவதாக எண்ணிக் கொள்ளுங்கள். முதலில் கண்ணில் படுவது குதிர். களிமண்ணோடு வைக்கோலையோ உமியையோ கலந்து பிசைந்து, பெரிய உறைகளாக வனைந்து, உலர்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இணைப்புகளை மண்ணால் மெழுகி அமைப்பது குதிர். மேலே மூடி இருக்கும். அடியில் ஒரு சிறு துளை இருக்கும். நெல்லை மேல்வாயில் கொட்டுவர்; வேண்டும்போது அடித்துளையைத் திறந்து எடுப்பர். இதனால் முதலில் இட்ட நெல்லே முதலில் வெளிவரும். பழைய நெல் தங்கிக் கெடுவதற்கு இடமில்லை. பூச்சி அணுகாதிருக்க வேப்பிலையும் நொச்சியிலையும் இடுவது வழக்கம். பலகைகளால் அமைத்த பெரிய களஞ்சியத்தைப் பத்தாயம் என்பர். கல்லூரியில் கற்காத உழவர்கள் கண்டறிந்த இவ்வமைப்பில் எத்துணை நுட்பம் அடங்கியுள்ளது, பாருங்கள்!

‘எங்கப்பன் குதிருக்குள் இல்லை’ என்னும் பழமொழியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கடன் கேட்டு வந்தவரிடம் தந்தையின் மறைவிடத்தைத் தன்னையறியாமல் காட்டிக்கொடுத்த சிறுவனின் மொழி அது. ஒருவர் ஒளிந்துகொள்ளும் அளவு பெரியது குதிர் என்பதை அறிந்தவர்க்கே அதன் நகைச்சுவை விளங்கும். குதிரையே காணாத தலைமுறைக்கு அப்பழமொழி வெறும் ஓசையாகிவிடும். எனவே, ஒரு பொருள் வீட்டைவிட்டு நீங்கும்போது அப்பொருள் மட்டுமே நீங்குவதில்லை. அதனைச் செய்யும் அறிவும், அதனைச் சுற்றிப் பிறந்த சொல்லும், அச்சொல்லின் சுவையும் உடன் நீங்குகின்றன.

குதிருக்கு அப்பால் அம்மியும் ஆட்டுக்கல்லும் உரலும் உள்ளன. அம்மியைச் சற்றுக் குனிந்து நோக்குங்கள். நடுப்பகுதி வழவழப்பாகத் தேய்ந்து சிறிது பள்ளமாகியிருக்கும். கல்லைத் தேய்த்தது எது? மிளகாயும் மஞ்சளும் தேங்காயும் அல்ல. ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் குழவியை உருட்டிய கைகளே. தேய்ந்த அம்மியில் மீண்டும் பொளிவு வைக்க, உளியும் சுத்தியும் ஏந்தி, ‘அம்மி கொத்தலையோ அம்மி!’ என்று கூவித் தெருவில் வருவோர் உண்டு. அரைத்தலும் கொத்துதலுமாகப் பல தலைமுறைப் பெண்களின் உழைப்பை அக்கல் தன்மேல் தாங்கி நிற்கிறது. அவர்களுள் பலருடைய பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அந்தப் பள்ளமே அவர்கள் இட்ட கையெழுத்து.

இனிக் கூடத்துக்கு வருவோம். விட்டத்திலிருந்து இரும்புச் சங்கிலிகளில் தொங்குவது ஊஞ்சல். அதன் பலகை பெரும்பாலும் ஒரே மரத்தில் அறுத்த அகன்ற துண்டு. திருமணத்தின்போது மணமக்களை அதில் அமர்த்திப் பாட்டுப்பாடி ஆட்டுவர். பின்னர் அவர்தம் குழந்தைகள் அதில் ஏறி ஆடும். முதுமையில் அவர்களே அதில் சாய்ந்து இளைப்பாறுவர். அடுத்துள்ளது சாய்வு நாற்காலி. அதன் கைப்பிடிகள் இரண்டும் மெருகேறிப் பளபளக்கும். அம்மெருகைத் தந்தது எண்ணெயன்று. பல ஆண்டுகள் அவற்றின்மேல் தங்கிய முதியவர் ஒருவரின் உள்ளங்கைகளே. மூலையில் கயிற்றுக் கட்டில். கயிறு தளர்ந்தால் அவிழ்த்து மீண்டும் இழுத்துக் கட்ட வேண்டும். அதற்கு இருவர் வேண்டும். ஒருவர் இழுக்க, மற்றவர் பிடிக்க, தந்தையும் மகனும் சேர்ந்து செய்யும் வேலை அது. எத்தனையோ அறிவுரைகளும் கதைகளும் அவ்வேலையின் இடையே கைமாறியிருக்கும்.

உள்ளறையில் ஒரு மரப்பெட்டி. இரும்புப் பட்டை அடித்து, பெரிய பூட்டு ஒன்று தொங்கும். நிலப்பத்திரமும், திருமணச் சேலையும், குழந்தைகளின் சிறு நகைகளும், கடிதக் கட்டும் அதனுள் இருக்கும். வீட்டின் பிற பொருள்கள் கண்ணுக்குத் தெரியும் வாழ்வைக் காட்டுகின்றன; பெட்டியோ மறைவான வாழ்வைக் காக்கிறது.

இப்பொருள்களின் பெயர்களை ஆராய்ந்தாலும் வரலாறு வெளிப்படும். நான்கு கால் உடையது நாற்காலி. மூன்று கால் உடையது முக்காலி. கட்டில் என்னும் சொல்லில் கட்டுதல் என்னும் வினை ஒலிக்கிறது. மணமக்கள் அமரும் தாழ்ந்த பலகைக்கு மணை என்று பெயர். இவை தமிழ்ச் சொற்கள். மேசை, அலமாரி என்பன போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்தவை. சாவி, சன்னல் என்பனவும் அவ்வாறே. 1498ஆம் ஆண்டு வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்த பின்னர், போர்ச்சுகீசியர் வாணிகத்தோடு அவர்தம் வீட்டுப் பொருள்களின் பெயர்களும் நம் நாட்டில் பரவின. எழுதும் மேசையைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லே பீரோ. நம்மிடம் அது துணியும் நகையும் வைக்கும் இரும்பு அலமாரியைக் குறிக்கலாயிற்று. தரையில் பாய் விரித்து அமர்ந்து உண்டவர் மேசைமேல் உண்ணக் கற்றதும், பெட்டியில் பூட்டியவர் அலமாரியில் அடுக்கக் கற்றதும் இச்சொற்களால் விளங்குகின்றன. கடல்கடந்த வாணிக வரலாறு நம் வீட்டு மூலையில் ஒடுங்கி நிற்கிறது எனலாம்.

இனி, இவற்றைச் செய்தவர்களைப் பற்றி எண்ணுவோம். மரம் வெட்டியவுடன் அதில் நாற்காலி செய்தல் இயலாது. பச்சை மரத்தில் நீர் மிகுதியாக இருக்கும்; அஃது உலரும்போது மரம் சுருங்கும், முறுக்கிக் கொள்ளும், பிளக்கும். ஆதலால் மரத்தை அறுத்து, நிழலில் அடுக்கி, காற்றோட்டத்தில் நெடுநாள் உலரவிட்டு, பின்னரே தச்சர் வேலை தொடங்குவார். தேக்கில் இயற்கையாக எண்ணெய்ப்பசை இருப்பதால் கறையான் எளிதில் அரிப்பதில்லை. பலா மரம் ஆண்டு செல்லச் செல்ல நிறம் முதிர்ந்து அழகு பெறும். வேம்பின் கசப்பு பூச்சியைத் தடுக்கும். முதிர்ந்த பனை, கூரை தாங்கும் கைமரமாகும். எந்த மரம் எதற்கு ஏற்றது என்னும் இவ்வறிவு, தந்தையிடமிருந்து மகன் கைவழியே பெற்றது.

நமக்கு அண்மையிலேயே இதற்குச் சான்றுகள் உண்டு. பெரம்பலூர் மாவட்டத்தில் பச்சைமலையின் அடிவாரப் பகுதியில் அரும்பாவூர் என்னும் ஊர் உள்ளது. அவ்வூர்ச் சிற்பிகள் ஒரே மரத்துண்டைக் குடைந்து சிற்பம் செதுக்குவதில் வல்லவர்கள். அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோவில், குத்துவிளக்குக்குப் பெயர் பெற்றது. காவிரியின் வண்டல் மண்ணே அங்கு விளக்கு வார்க்கும் அச்சுக்கு உதவுகிறது. கொள்ளிடத்தின் வழியே கீழ்த்திசையில் சென்றால், சீர்காழிக்கு அருகே தைக்கால் என்னும் ஊரில் பிரம்பு நாற்காலிகளும் ஊஞ்சல்களும் முடையப்படுவதைக் காணலாம். ஒரு வீட்டில் விளக்கும் சிற்பமும் பிரம்பு நாற்காலியும் இருப்பின், மலையும் ஆறும் மண்ணும் அவற்றோடு உழைத்த மக்களும் அவ்வீட்டில் குடியிருப்பதாகவே கொள்ளலாம்.

பொருளைக் கண்டவுடன் நினைவு எழுவது ஏன்? இவ்வினாவை அறிஞர்கள் ஆராய்ந்துள்ளனர். எஸ்டோனியாவில் பிறந்து கனடாவில் வாழ்ந்த உளவியல் அறிஞர் என்டெல் டல்விங் என்பவர், 1973ஆம் ஆண்டு தாம்சன் என்பவரோடு சேர்ந்து ஒரு கருத்தை வெளியிட்டார். நாம் ஒன்றை மனத்தில் பதியும்போது, அதனைச் சூழ்ந்திருந்தவையும் உடன் பதிகின்றன; பின்னர் அச்சூழலின் ஒரு கூறு எதிர்ப்படும்போது, மறந்ததாக எண்ணிய செய்தியும் மேலெழுந்து வருகிறது என்பது அதன் சாரம். ஊஞ்சற் சங்கிலியின் ஓசையைக் கேட்டவுடன், பாட்டி சொன்ன கதை நினைவுக்கு வருவது இதனாலேயே. நினைவு மூளையில் உறங்குகிறது. பொருள் அதனைத் தட்டி எழுப்புகிறது.

அமெரிக்காவில் சிகாகோ நகர வட்டாரத்தில் 82 குடும்பங்களைச் சேர்ந்த 315 பேரிடம், ‘உங்கள் வீட்டில் உங்களுக்குச் சிறப்பாகத் தோன்றும் பொருள்கள் யாவை?’ என்று இரண்டு ஆய்வாளர்கள் வினவினர். அவர்கள் கண்ட முடிவுகள் 1981ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தன. ஓவியத்தையும் ஒளிப்படத்தையும் தொலைக்காட்சியையும்விட மிகுதியானோர் குறிப்பிட்டவை நாற்காலி, மேசை, கட்டில் போன்ற வீட்டுச் சாமான்களே. விலை உயர்ந்தவை என்பதற்காக அவற்றை அவர்கள் சிறப்பித்தார்களோ எனின், அன்று. அவற்றோடு பிணைந்த நினைவுகளும் உறவுகளுமே பெரிதாகப் பேசப்பட்டன. சிகாகோவிலும் தா.பழூரிலும் மாந்தர் உள்ளம் ஒன்றே அன்றோ?

வீட்டுப் பெட்டியும் பரணும் நம் மொழிக்கே செய்த பேருதவி ஒன்றை ஈண்டுக் கூறுதல் வேண்டும். தமிழ்த் தாத்தா எனப் போற்றப்படும் உ.வே.சாமிநாதையர் 1855ஆம் ஆண்டு பிறந்தவர். இளமையில் தந்தையாரோடு அரியலூரில் வாழ்ந்து, அங்கே சடகோபையங்காரிடம் தமிழ் கற்றவர். பிற்காலத்தில் அவர் ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராகச் சென்றார். மடங்களில் மட்டுமன்றி, புலவர் வழியினரின் வீடுகளிலும் அவை கிடைத்தன. பெட்டிகளிலும் பரண்களிலும் தூசி படிந்து கிடந்த ஓலைகளை அவர் எடுத்து, ஒப்புநோக்கி, அச்சிட்டார். 1887இல் சீவக சிந்தாமணியும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும் வெளிவந்தன.

அவ்வோலைகளை வைத்திருந்தோர் பலர் அவற்றின் பொருளை அறியார். ‘முன்னோர் வைத்தது, இருக்கட்டும்’ என்று காத்தனர். அந்த எண்ணமே நமக்குச் சங்க இலக்கியத்தைத் தந்தது. ‘இஃது எதற்கு?’ என்று எண்ணித் தீயிலும் ஆற்றிலும் இட்டவர்களும் இருந்தனர். அவர்கள் இட்டவற்றில் என்னென்ன நூல்கள் இருந்தன என்பதை இனி எவராலும் கூற இயலாது.

புறநானூற்றில் ஒரு கட்டிலின் கதை உண்டு. மோசிகீரனார் என்னும் புலவர், வழிநடந்த களைப்பால், முரசு வைக்கும் கட்டில் என்பதை அறியாமல் அதன்மேல் படுத்து உறங்கிவிட்டார். அது கொலைத்தண்டனைக்குரிய குற்றம். ஆயினும், அதனைக் கண்ட சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை அவரைத் தண்டிக்கவில்லை. அவர் விழிக்கும்வரை விசிறிகொண்டு வீசி நின்றான். அந்தக் கட்டில் இன்று இல்லை. அந்த முரசும் இல்லை. ஆனால், புலவர் அதனைப் பாடி வைத்தார். எவரோ ஓலையில் எழுதினர். எவரோ அதனைக் காத்தனர். ஆகவே, ஈராயிரம் ஆண்டளவு கடந்தும் அக்கட்டிலை நாம் அறிவோம்.

இதற்கு மாறான சான்று தா.பழூருக்கு அண்மையிலேயே உள்ளது. வடகிழக்கே உள்ள கங்கைகொண்ட சோழபுரம், முதலாம் இராசேந்திர சோழன் அமைத்த தலைநகரம். அங்கு மாளிகைமேடு என்னும் இடத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1980ஆம் ஆண்டளவில் அகழாய்வு தொடங்கியது. பின்னரும் பலமுறை நடத்தியது. 2021 முதல் மீண்டும் நடத்தியது. செங்கற்சுவர்களும், கூரை ஓடுகளும், சீனத்துப் பாண்ட ஓடுகளும், இரும்பு ஆணிகளும் கிடைத்தன. தூண் நிறுத்திய கருங்கல் அடித்தளங்களும் கிடைத்தன. அவற்றின்மேல் மரத்தூண்கள் நின்றிருக்க வேண்டும் என்பர் ஆய்வாளர். ஆனால், அம்மரத்தூண்கள் எங்கே? அரசர் அமர்ந்த அரியணை எங்கே? அரசியர் ஆடிய ஊஞ்சல் எங்கே? கல் நின்றது, ஆணி நின்றது, மரம் மண்ணாயிற்று. கங்கை வரை படை செலுத்திய மன்னனின் மாளிகைக்கே இந்நிலை எனின், நம் வீட்டு மரப்பொருள் எம்மாத்திரம்?

ஆற்றங்கரையில் வாழ்வோர் இவ்வுண்மையை நன்கு அறிவர். 1924ஆம் ஆண்டு காவிரியிலும் கொள்ளிடத்திலும் வந்த பெருவெள்ளத்தைப் பற்றி முதியோர் வழிவழியாகப் பேசி வந்துள்ளனர். 2005, 2018 ஆகிய ஆண்டுகளிலும் கொள்ளிடம் கரை தொட ஓடியது. நீர் வீட்டினுள் புகும் நேரத்தில் எதனை முதலில் எடுப்பது? நெல்லையா, பத்திரத்தையா, பிள்ளையின் தொட்டிலையா? அந்த ஒரு நாழிகையில் ஒருவர் எதைத் தூக்குகிறாரோ, அதுவே அவர் உள்ளத்தில் உயர்ந்து நின்ற பொருள்.

ஒன்றையும் எடுக்க இயலாமல் வந்தவர்களும் உண்டு. பிழைப்புத் தேடிப் பர்மா சென்ற தமிழர் பலர். 1942ஆம் ஆண்டு சப்பானியப் படை பர்மாவினுள் நுழைந்தபோது, இலக்கக்கணக்கான இந்தியர் வீடுவாசலை விட்டு, காடும் மலையும் கடந்து நடந்தே தாயகம் நோக்கி வந்தனர். வழியில் மாண்டவர் பலர். உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் தம் மக்களுக்குத் தர நாற்காலியோ பெட்டியோ கொண்டுவரவில்லை. ‘இரங்கூனில் நம் வீட்டில் இப்படி ஒரு தேக்குக் கட்டில் இருந்தது’ என்னும் சொல்லையே கொண்டுவந்தனர். பொருள் இழந்த பின்னும் நினைவு வாழ்கிறது, சொல்வார் இருந்தால். நினைவு இழந்த பின்னர்ப் பொருள் இருந்தும் பயனில்லை. இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால், நாம் முதலில் காக்க வேண்டியது எது என்பது விளங்கும்.

பழம்பொருளைப் பற்றிப் பேசும்போது ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. அவை இனிய நினைவுகளை மட்டுமே சுமப்பன அல்ல. ஒரு நாற்காலியில் யார் அமர்ந்தார் என்பது எவ்வளவு முக்கியமோ, யார் அமரக்கூடாது என்று தடுக்கப்பட்டார் என்பதும் அவ்வளவு முக்கியம். வயலில் உழைத்துக் குதிரை நிரப்பியவர், பிறப்பின் பெயரால் திண்ணையிலும் அமர இயலாமல் வாசலில் நின்ற காலம் இருந்தது. ஆடவர் சாய்வு நாற்காலியில் இளைப்பாற, பெண்கள் அடுக்களைத் தரையிலேயே நாளைக் கழித்த வீடுகள் பல. 1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. சட்டத்தின்முன் அனைவரும் சமம் என்றது. அச்சமன்பாடு எதற்காக வேண்டியிருந்தது என்பதை அந்தப் பழைய நாற்காலியே நமக்கு உணர்த்தும். குடும்பத்தின் வரலாற்றைக் கேட்போர், பெருமையை மட்டுமன்றிக் குறையையும் கேட்டல் வேண்டும். அப்போதுதான் அது வரலாறு ஆகும்.

இன்று காலம் மாறியுள்ளது. நெல் அறுவடையானவுடன் விற்பனைக்குச் செல்கிறது; குதிருக்கு வேலை இல்லை. மின் அரைவை இயந்திரம் வந்தபின் அம்மி கொல்லைப்புறம் சேர்ந்தது. இடம் சுருங்கிய புது வீட்டில் ஊஞ்சல் மாட்ட விட்டமே இல்லை. எடுத்துச் செல்ல எளிது, விலையும் குறைவு என்பதால் பிளாத்திக் நாற்காலிகள் எங்கும் பரவின. இவற்றைக் குறைகூறுதல் அறிவுடைமை ஆகாது. அம்மியில் குனிந்து அரைத்த கைகளுக்கு ஓய்வு கிடைத்தது நன்மையே. பழையன எல்லாவற்றையும் சேர்த்து வைத்தால் நாம் இருக்க இடமிராது. மேலும், புதிய பொருளும் நாளை பழம்பொருளே. இன்று நீங்கள் அமர்ந்து படிக்கும் சாதாரண நாற்காலியையே உங்கள் பேரன் பேத்தியர் ஒருநாள் வியந்து நோக்கலாம்.

வருந்தத்தக்கது வேறொன்று. பழைய பெட்டியும் கதவும் எடைக்கும் விலைக்கும் விற்கப்படுகின்றன. வாங்குவோர் அவற்றைத் துடைத்து மெருகிட்டுப் பெருநகரங்களில் காட்சிப் பொருளாக்கி விற்கின்றனர். மரம் பிழைக்கிறது, கதை செத்துவிடுகிறது. அப்பெட்டியைப் புதிதாக வாங்குவோர்க்கு அஃது அழகிய பெட்டி, அவ்வளவே. எந்தத் தாயின் சேலை அதில் இருந்தது என்பதை அவர் அறியார். விற்றவரும் கேட்டு வைத்திருக்கவில்லை.

பெரியோர் பயன்படுத்திய பொருள்களை நாடு காக்கிறது. சென்னை தியாகராய நகரில் காமராசர் வாழ்ந்த வீடு நினைவில்லமாக உள்ளது. எளிய வாழ்வுக்குச் சான்றாக அவர் பயன்படுத்திய பொருள்களை அங்குக் காணலாம். ஆனால், நம் பாட்டனாருக்கு நாடு நினைவில்லம் அமைக்காது. அவர் நாற்காலிக்கு நாமே காப்பாளர், நாமே வழிகாட்டி.

மாணவர்களே! இது பொருட்செலவு வேண்டாத பணி. ஒரு குறிப்பேட்டை எடுத்துக் கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலுள்ள மிகப் பழைய பொருள் எது என்று பெரியவர்களிடம் கேளுங்கள். அதனை அளந்து, படம் வரையுங்கள். பின்னர் ஐந்து வினாக்களை வினவுங்கள்: இதனைச் செய்தவர் யார்? எந்த மரம் அல்லது எந்த உலோகம்? எப்போது, எவ்வழியாக நம் வீட்டுக்கு வந்தது? இதனைப் பயன்படுத்தியவர்கள் யாவர், பயன்படுத்தக் கூடாதெனத் தடுக்கப்பட்டவர்கள் யாவர்? இதனருகே நிகழ்ந்த மறக்க முடியாத நிகழ்ச்சி எது? சொல்பவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். வட்டார வழக்காயினும் மாற்ற வேண்டா. நாளும் ஆண்டும் தெரிந்தால் குறியுங்கள். தெரியாவிடில், ‘பெருவெள்ளம் வந்த ஆண்டு’, ‘அத்தைக்குத் திருமணம் ஆன ஆண்டு’ என்று அவர்கள் கூறுவதையே எழுதுங்கள். பழம்பொருள் இல்லாத வீடாயின், இழந்த பொருளைப் பற்றிக் கேளுங்கள். அதிலும் வரலாறு உண்டு. சில வேளைகளில் அதில்தான் மிகுதி.

இப்பணியைத் தள்ளிவைத்தல் கூடாது. மரத்தைக் கறையான் அரிக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதன் கதையை அறிந்த முதியவரோ இன்றிருப்பார், நாளை இரார். அவர் நினைவோடு அவருக்கு முன் வாழ்ந்த இரண்டு மூன்று தலைமுறையினரின் நினைவும் அடங்கியுள்ளது. அதனைக் கேட்டு எழுதி வைக்கும் பிள்ளை, ஒரு பெட்டியின் பழங்கதையை மட்டுமன்றி, பெயரின்றி உழைத்து மறைந்த பலரின் வாழ்வையும் காத்தவர் ஆவார். அந்தப் பிள்ளை நீங்களாக இருத்தல் வேண்டும்.